பூட்டிய நாய்களை வரையப் போகிறவர்களுக்கு: காப்பகம் முதல் கிரீன்லாந்து விசா வரை

பனிவண்டி இழுக்கும் நாய்களின் வரலாற்றை ஓவியத் தொடராக வரைய வேண்டும் என்று இறங்கி, புகைப்பட உரிமை, விசா, விமானப் பெட்டி என்று ஒவ்வொரு வாசலிலும் முட்டி நின்ற பிறகு இதை எழுதுகிறேன். ஏற்கெனவே வரையத் தெரிந்தவர்களுக்கான கட்டுரை இது. தூரிகை பிடிப்பது பற்றி இதில் அதிகம் கிடைக்காது. ஆதாரத்தை எங்கே தேடுவது, எந்தத் தாள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், எந்த மாதம் போனால் வெளிச்சம் இருக்கும், பணம் எங்கே கரையும் என்பதெல்லாம்தான் இருக்கும்.

ஆதாரம் சேர்ப்பதில் தொடங்கி நேரில் பார்த்துத் திரும்புவது வரை ஓராண்டு வைத்துக்கொள்ளுங்கள். நாய்கள் வண்டி இழுக்கும் காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

1. ஒரு காலம், ஒரு இடம் என்று முடிவு செய்யுங்கள்

'பனிநாய்களின் வரலாறு' என்று மொத்தமாக எடுத்தால் கித்தானில் எல்லாம் கலந்துவிடும். வண்டி ஓர் ஊருடையது, நாய் வேறு நாட்டுடையது, உடை வேறு நூற்றாண்டுடையது என்று ஆகிவிடும். கீழே உள்ள நான்கில் ஒன்றை எடுங்கள். நான்குக்கும் போதுமான ஆதாரம் உண்டு.

முதலாவது, கனடாவின் விலங்கு ரோம வணிகக் காலம். பீட்டர் ரிண்டிஸ்பாக்கர் 1820களில் ரெட் ரிவர் குடியிருப்பில் நீர்வண்ணத்தில் வரைந்த நாய்வண்டிகள் இருக்கின்றன. பால் கேன் வரைந்த, எட்மன்டன் கோட்டையிலிருந்து பனியில் புறப்படும் திருமணக் கூட்டத்தின் ஓவியம் டொராண்டோவில் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நாய்களின் முதுகில் பூவேலை செய்த துணியும் மணிகளும் இருக்கும். ஆனால் கேன் தன் பெரிய எண்ணெய் ஓவியங்களை ஊர் திரும்பிய பிறகு ஸ்டூடியோவில் வைத்து வரைந்தார். களத்தில் அவர் போட்ட சிறு சித்திரங்களை நம்பும் அளவுக்கு இவற்றை நம்பாதீர்கள்.

இரண்டாவது, அலாஸ்கா. 1925இல் நோம் நகரத்துக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தை 20 ஓட்டிகள் கைமாற்றி, 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்த ஓட்டம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே அதில் பொறிகள் அதிகம். கடைசிக் கட்டத்தை ஓடி நகருக்குள் நுழைந்த பால்ட்டோ என்ற நாய்க்குப் பெயர் கிடைத்தது. மிக நீளமான, மிக ஆபத்தான பகுதியை இழுத்தது லெனார்ட் செப்பாலா என்ற ஓட்டியின் நாய் டோகோ. பால்ட்டோவின் பாடம் செய்யப்பட்ட உடல் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்து நிறம் எடுத்துவிடாதீர்கள். உயிரோடு இருந்தபோது அது கறுப்பு நாய். பல ஆண்டு வெளிச்சம் பட்டு ரோமம் செம்பழுப்பாக வெளுத்துவிட்டது.

மூன்றாவது, தென்துருவப் பயணங்கள். புகைப்படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இதை எடுப்பவர் ஒன்றைத் தாங்கிக்கொள்ள வேண்டும். 1911இல் நார்வேயின் அமுண்ட்சென் துருவத்துக்குப் புறப்பட்டபோது 52 நாய்கள் இருந்தன, திரும்பி வந்தவை 11. பெரும்பாலானவை வழியிலேயே கொல்லப்பட்டு, மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாகின. கொடியும் வெற்றியும் மட்டும் வரைந்துவிட்டு இதை விட்டால், நாய்களின் உழைப்பைப் பற்றிய தொடர் என்று அதைச் சொல்ல முடியாது.

நான்காவது, கிரீன்லாந்தின் வேட்டைக்காரர்கள். என் பரிந்துரை இதுதான். மற்ற மூன்றிலும் பழைய படங்களைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். இங்கே மட்டும் இன்றும் நாய்கள் வேலை செய்கின்றன. அந்த எண்ணிக்கையும் 2002இல் சுமார் 25,000 என்று இருந்தது 2020இல் 13,000 அளவுக்கு இறங்கிவிட்டது. போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

2. முகத்தைப் பார்க்கும் முன் வாரைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் நாயின் கண்ணில் தொடங்குகிறார்கள். நீங்கள் கயிற்றில் தொடங்குங்கள். மாட்டைப் பூட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தே ஏரா, வண்டியா, செக்கா என்று நம் பெரியவர்கள் சொல்லிவிடுவதைப் போல, நாயைப் பூட்டிய விதத்தை வைத்தே படம் எந்த நிலத்தைச் சேர்ந்தது என்று விஷயம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். கயிறு தவறினால் முகம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

கிரீன்லாந்திலும் கனடாவின் கிழக்கு ஆர்க்டிக்கிலும் விசிறிப் பூட்டு. ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கயிறு, எல்லாம் வண்டியின் முன்னால் ஒரே இடத்தில் சேரும். மரமே இல்லாத கடற்பனியில் நாய்கள் விரிந்து ஓடலாம், பாரம் ஒரே இடத்தில் அழுத்தாது, ஒரு நாய் பனி உடைந்து விழுந்தால் மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகாது. ஓடும்போது நாய்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கயிறுகள் பின்னிக்கொள்ளும். ஓட்டி அடிக்கடி நிறுத்தி வெறுங்கையால் சிக்கெடுப்பார். அந்தச் சிக்கெடுக்கும் காட்சியை வரைந்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதுதான் அந்த வாழ்க்கையின் மிக உண்மையான காட்சியாகத் தோன்றுகிறது.

காடு அடர்ந்த கனடாவில் விசிறி விரிய இடம் கிடையாது. ஆழப் பனியில் குறுகலான தடம், அதனால் ஒன்றன் பின் ஒன்றாக ஒற்றை வரிசை. ரோம வணிகக் காலப் படங்களில் இதுதான் இருக்கும். அலாஸ்காவில் நடுவே ஒரு வடம், இரு பக்கமும் ஜோடி ஜோடியாக நாய்கள், முன்னால் தலைநாய். வண்டியை ஒட்டிய கடைசி ஜோடி உடற்கட்டில் பலமானதாக இருக்கும்.

வண்டியும் அப்படித்தான். கனடாவின் ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட்களின் வண்டி தாழ்வானது, குறுக்குச் சட்டங்களை ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டியிருப்பார்கள், பின்னால் கைப்பிடி இருக்காது. கிரீன்லாந்து வண்டிக்குப் பின்பக்கம் இரண்டு நேர்க்கம்புகள் நிற்கும், ஓட்டி வண்டிமேல் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். அலாஸ்கா வண்டியில் ஓட்டி பின்னால், சறுக்குக் கட்டைகள்மேல் நிற்பார். கிரீன்லாந்து வண்டிக்குப் பின்னால் ஆள் நின்று ஓட்டுவதாக வரைந்த படங்கள் நிறையச் சுற்றுகின்றன.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஓட்டியின் கையில் கடிவாளம் வரையாதீர்கள். எங்குமே கிடையாது, குரல்தான். கிரீன்லாந்தில் கூடவே சாட்டையின் ஓசை. அடுத்தது, வேலை செய்யும் நாயின் கயிறு விறைத்திருக்கும், முதுகு தாழ்ந்து பின்கால்கள் தரையை உந்தும். கயிறு தொய்ந்திருந்தால் அந்த நாய் இழுக்கவில்லை என்று பொருள். அப்படி ஒரு நாயை வேண்டுமென்றே வைப்பதானால் வையுங்கள், ஓட்டிக்கு அது தெரிந்திருக்கிறது என்பதை அவர் பார்வையில் காட்டுங்கள்.

3. நீலக்கண் பொறி

இணையத்தில் 'ஸ்லெட் டாக்' என்று தேடினால் வந்து விழுபவை எல்லாம் நீலக்கண் சைபீரியன் ஹஸ்கிகள். சைபீரிய நாய்கள் நோம் நகரத்துக்கு வந்ததே 1908 வாக்கில்தான். அதற்கு முந்தைய, கனடாவின் குளோண்டைக் தங்க வேட்டையை, அதாவது 1896 முதல் 1899 வரையிலான காலத்தை வரைபவர் நீலக்கண் வைத்தால் படம் அங்கேயே விழுந்துவிடும். அந்தக் காலத்துப் பாதைகளில் செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து என்று தெற்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பெரிய நாய்களும் கலப்பு நாய்களும்தான் அதிகம். அலாஸ்கன் மாலமியூட் இனத்துக்கு நாய்க் கண்காட்சி விதிப்படி நீலக்கண் என்பதே தகுதிக் குறை. கிரீன்லாந்து நாய்க்குப் பழுப்புக் கண், அடர்ந்த இரட்டை ரோமம், முதுகின்மேல் சுருளும் வால். நிறம் வெள்ளை, கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு என்று ஒரே பூட்டில் எல்லாம் கலந்திருக்கும். ஒரே மாதிரி நாய்களை வரிசையாக நிறுத்துவது விளம்பரப் படத்து வழக்கம்.

4. பழைய படங்களும் அவற்றின் உரிமையும்

இந்த வேலையைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்தபடியே செய்யலாம், செலவும் பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

கிரீன்லாந்துக்குக் கோபன்ஹேகனில் உள்ள ஆர்க்டிக் இன்ஸ்டிட்யூட்டின் இணையப் புகைப்படக் காப்பகம். அலாஸ்காவுக்கு அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ். தென்துருவத்துக்குக் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனம், சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம், ஆஸ்லோவில் நார்வே தேசிய நூலகம்.

'நூறு வருஷப் படம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்ற எண்ணம்தான் முதல் பொறி. பல நாடுகளில் கணக்கு படைப்பாளி இறந்த ஆண்டிலிருந்து ஓடும். ஐரோப்பாவில் 70 ஆண்டு, இந்தியாவில் ஓவியங்களுக்கு 60 ஆண்டு. ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் படமெடுத்த ஹெர்பர்ட் போன்டிங் 1935இல் இறந்தார், ஐரோப்பாவில் தடை நீங்கிவிட்டது. ஷாக்கிள்டனுடன் அண்டார்க்டிகா போன ஃபிராங்க் ஹர்லி 1962 வரை வாழ்ந்தார். அவருடைய 1915ஆம் ஆண்டுப் படம் ஆஸ்திரேலியாவில் பொதுச் சொத்து, பிரிட்டனில் 2032 முடியும்வரை அப்படி இல்லை. எனவே கண்காட்சி எந்த நாட்டில் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கிரீன்லாந்தை வரைந்த டேனிஷ் ஓவியர் இமானுவேல் ஏ. பீட்டர்சன் 1948இல் இறந்தவர், சிக்கல் இல்லை. அமெரிக்க ஓவியர் ராக்வெல் கென்ட் 1971இல் இறந்தவர், இன்னும் பாதுகாப்பு இருக்கிறது.

கனடாவின் கின்னைட் ஊரில் 1950களின் இறுதியிலிருந்து இனுயிட் கலைஞர்கள் உருவாக்கிவரும் அச்சோவியங்கள் தனி. நாய்களோடு வாழ்ந்தவர்கள் தாங்களே வரைந்தவை அவை. பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், கோடுகளை எடுத்து ஆளாதீர்கள். உரிமை கலைஞர்களிடமும் அவர்களின் கூட்டுறவுச் சங்கத்திடமும் இருக்கிறது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் வையுங்கள்: காப்பகத்தின் பெயர், பட எண், எடுத்தவர், ஆண்டு, உரிமை வாசகம், பதிவிறக்கிய தேதி. அனுமதி கேட்டு மின்னஞ்சல் எழுதும்போது 'ஓவியத்துக்கு மாதிரியாக மட்டும்' என்றா, 'கையேட்டில் அச்சிடவும்' என்றா என்பதைத் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் கட்டணம் வேறு. பிரிக்காமல் எழுதினால் கூடுதலான கட்டணத்தைச் சொல்லிவிடுவார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.

5. விசா: ஷெங்கன் மட்டும் போதாது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

கிரீன்லாந்து டென்மார்க் அரசின்கீழ் இருந்தாலும், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இல்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு டென்மார்க் தரும் விசாவில் 'கிரீன்லாந்துக்குச் செல்லுபடியாகும்' என்ற வாசகம் தனியாக அச்சாகியிருக்க வேண்டும். பிரான்சோ ஜெர்மனியோ தந்த ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. ஐரோப்பாவில் வதிவிட அட்டையோடு வாழும் நம்மவர்களும் கவனியுங்கள். உங்கள் கடவுச்சீட்டு இன்னும் இலங்கையுடையதாகவோ இந்தியாவுடையதாகவோ இருந்தால், சுவிஸ் அட்டையோ ஜெர்மன் அட்டையோ கிரீன்லாந்துக்குத் தானாகச் செல்லுபடியாகாது. ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு இருந்தால் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம்.

கோபன்ஹேகன் வழியாகப் போவதால் உங்களுக்கு இரண்டும் தேவைப்படும்: ஷெங்கனுக்குள் நுழைய ஒன்று, கிரீன்லாந்துக்கு ஒன்று. மேலும் கிரீன்லாந்து போவது ஷெங்கனைவிட்டு வெளியேறுவதாகக் கணக்காகும். திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டியிருப்பதால் ஒருமுறை நுழைவு விசா போதாது. இருமுறை அல்லது பலமுறை நுழைவு கேளுங்கள். விண்ணப்பத்தை ஒப்படைக்கும் கவுன்ட்டரிலேயே 'கிரீன்லாந்தும் சேர்த்து' என்று சொல்லி, கடிதத்திலும் எழுதி, விசா கைக்கு வந்ததும் அங்கேயே வாசகத்தைச் சரிபாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும், பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்ட, இரண்டு வெற்றுப் பக்கமுள்ள கடவுச்சீட்டு. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு. அதில் கிரீன்லாந்தின் பெயர் இருக்கிறதா, ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அடங்குமா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாள், தங்குமிட முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம். ஓவியர் என்றால் 'வேலைக்கு வருகிறீர்களா' என்ற கேள்வி வரும். சுற்றுலாவாக வந்து சொந்தத் தொடருக்காகக் குறிப்பெடுக்கிறேன், அங்கே எதையும் விற்கப் போவதில்லை, ஊதியம் வாங்கப் போவதில்லை என்று ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். பழைய கண்காட்சிகளின் அழைப்பிதழ்கள் இருந்தால் இணையுங்கள்.

ஷெங்கன் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாக 15 நாளில் முடிவு என்பார்கள், 45 நாள்வரை நீளலாம். மார்ச் பயணத்துக்கு நவம்பர் கடைசியில் ஒப்படைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மாட்ட வேண்டாம்.

6. எங்கே, எப்போது, எவ்வளவு

நூக் தலைநகரம், 2024 இறுதியில் திறந்த புதிய ஓடுதளத்தால் கோபன்ஹேகனிலிருந்து நேரே போகலாம். ஆனால் நூக்கில் பனிவண்டி நாய்களே இல்லை! மேற்குக் கரையில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயும், கிழக்குக் கரையிலும்தான் அவற்றை வளர்க்கிறார்கள். அந்தப் பகுதிகளில் கிரீன்லாந்து நாயைத் தவிர வேறு இனத்தை விடுவதும் இல்லை, கலப்பு ஆகிவிடக் கூடாது என்பதற்காக. எனவே சிசிமியூட் அல்லது இலுலிசாட் ஊருக்குச் சீட்டெடுங்கள். இலுலிசாட்டில் நகர அருங்காட்சியகமும், பீட்டர்சனின் ஓவியங்களுள்ள கலை அருங்காட்சியகமும் இருப்பதால் ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடியும்.

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம்வரை மிக நல்லது. தொடக்கத்தில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், பிறகு பகல் நீளும், சூரியன் தாழ்வாக நின்று நீண்ட நிழல் தரும், பனியும் உறுதியாக இருக்கும். ஜனவரியில் போனால் வெளிச்சம் கிடைக்காது. ஜூனில் போனால் சங்கிலியில் படுத்துறங்கும் நாய்களைத்தான் பார்ப்பீர்கள்.

செலவில் பெரும்பங்கு விமானத்துக்கே. ஊருக்கு ஊர் சாலை கிடையாது, உள்ளூர் விமானம்தான், விலை கூடுதல். புயல் வந்தால் நாள்கணக்கில் நிற்கும். திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முன் இரண்டு நாள் காலியாக விடுங்கள், அந்தத் தங்கும் செலவையும் இப்போதே பட்ஜெட்டில் போடுங்கள். நாணயம் டேனிஷ் குரோனர். யூரோவோடு பிணைத்திருப்பதால் ஒரு யூரோவுக்குச் சுமார் 7.46 என்று ஏறக்குறைய நிலையாக இருக்கும். வண்டிப் பயணத்தைச் சுற்றுலாக் கட்டணத்தில் ஒன்றிரண்டு மணி நேரமாக வாங்கினால் எதையும் பார்க்க முடியாது. நாய்களைப் பூட்டுவதிலிருந்து அவிழ்த்துத் தீனி போடுவதுவரை உடன் இருக்க அனுமதி கேட்டு, ஒரு முழு நாளுக்குப் பணம் கொடுங்கள். உடைகளை அங்கே வாடகைக்கு எடுக்கலாம், நம் ஊரில் வாங்கும் ஜாக்கெட் தாங்காது.

7. பெட்டியில் என்ன வைப்பது

டர்பன்டைன் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்கிலும் கூடாது. எண்ணெய் வண்ணக் குழாய்கள் போகலாம். ஆனால் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து பாதுகாப்புத் தகவல் தாளை அச்செடுத்துக் குழாய்களோடு வையுங்கள். அதில் தீப்பற்றும் வெப்பநிலை இருக்கும் வரியை அடிக்கோடிடுங்கள். 'பெயின்ட்' என்று சொல்லாமல் 'தாவர எண்ணெயில் குழைத்த ஓவிய வண்ணம்' என்று சொல்லுங்கள். பெயின்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

அக்ரிலிக் வேண்டாம், அந்தக் குளிரில் படலமே சரியாக உருவாகாது. நீர்வண்ணம் தூரிகையிலேயே உறையும். சிலர் வோட்கா கலக்கிறார்கள், உறைவது குறையும், ஆனால் வண்ணம் பரவும் விதம் மாறிவிடும். ஸ்காட்டோடு போய் உயிரிழந்த எட்வர்ட் வில்சன் செய்ததே இன்றும் சிறந்த வழி. வெளியே பென்சிலில் மட்டும் வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் நிறத்தை எழுத்தால் குறித்துக்கொண்டு, குடிசைக்குள் வந்து விளக்கொளியில் நீர்வண்ணம் தீட்டினார். மென்மையான 4பி, 6பி பென்சில்கள், கெட்டி அட்டையுள்ள சிறு நோட்டு, மெல்லிய உள்கையுறை, அதன்மேல் பெரிய கையுறை. கேமரா பேட்டரிகளை உடம்போடு ஒட்டி வையுங்கள், மைனஸ் 20இல் வெளியே வைத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எண்ணெய் வண்ணத்தில் வெளியே நின்றே வரைய வேண்டும் என்பவர்களுக்கு முன்னோடி ராக்வெல் கென்ட். 1930களில் கிரீன்லாந்தின் இல்லோர்சூட் என்ற சிற்றூரில் குடியிருந்து, தானே நாய் ஓட்டி, வண்டியின் பின்பக்கக் கம்புகளையே ஓவியத் தாங்கியாக்கிக் கித்தானைக் கட்டி வரைந்தார்.

8. நாய்களின் நடுவே

சங்கிலியில் இருக்கும் நாயைத் தொடாதீர்கள், சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். அவை வளர்ப்புச் செல்லங்கள் அல்ல, கடித்தால் கடுமையாகக் கடிக்கும். குட்டிகள் மட்டும் தெருவில் சுற்றும். அவற்றோடும் கொஞ்சப் போகும் முன் தாய் எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஓட்டியையோ அவர் வீட்டையோ படமெடுக்கும் முன் கேளுங்கள். படத்தை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று சொல்லி, ஒப்புதலை இரண்டு வரியில் எழுதி வாங்குங்கள்.

பூட்டும் நேரத்தில் நோட்டை மூடிவைத்துவிட்டுப் பாருங்கள். எந்த நாயை முதலில் எடுக்கிறார், எதை எதன் பக்கத்தில் விடுவதில்லை, வாரைத் தலைவழியாக எப்படி மாட்டுகிறார் என்பதெல்லாம் எந்தக் காப்பகத்திலும் கிடைக்காது. அவர் உட்கார்ந்து காபி குடிக்கும்போது வரையலாம்.

பனியை வெள்ளையாகத் தீட்டாதீர்கள். தாழ்ந்த சூரியனில் வெளிச்சப் பக்கம் மஞ்சளும் இளஞ்சிவப்பும், நிழல் அல்ட்ராமரினும் ஊதாவும். தூய வெள்ளையை நாயின் மூச்சாவியில் ஒளிபடும் இடத்துக்கென்று மிச்சம் வையுங்கள்.

9. திரும்பிய பிறகு

நார்வால் தந்தம், துருவக்கரடித் தோல் போன்றவற்றை மாதிரிப் பொருளாகக்கூட வாங்காதீர்கள், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாது. ஓவியக் குறிப்பில் ஊர்ப் பெயர்களை அங்குள்ளவர்கள் சொல்வதுபோலவே எழுதுங்கள். கனடா ஆர்க்டிக்கை எடுத்தவர்கள், 1950களிலிருந்து 1970கள்வரை அங்கே இனுயிட்களின் நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டதைப் பற்றிய கிக்கிக்தானி உண்மை ஆணையத்தின் அறிக்கையைப் படிக்காமல் குறிப்பு எழுத வேண்டாம். 2019இல் கனடா அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது.

இந்தியாவிலிருந்து ஓவியங்களை வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதானால் பொருளைச் சுங்க வரியில்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்வர உதவும் ஏடிஏ கார்னே என்ற தாள் வேண்டும், ஃபிக்கி என்ற இந்திய வணிக, தொழில் கூட்டமைப்பு வழங்குகிறது. அதற்கு வைப்புத் தொகையோ வங்கி உத்தரவாதமோ கேட்பார்கள், முன்கூட்டியே வங்கியில் பேசுங்கள். மரப்பெட்டியில் அனுப்பினால் வெப்பமூட்டிய மரம் என்ற முத்திரை இருக்க வேண்டும். கித்தான் பழையது போலத் தெரிந்தால் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைச் சுங்க அதிகாரிகள் உங்களிடம் கேட்கலாம், அதைத் தொல்லியல் துறை தருகிறது.

எண்ணெய் ஓவியம் வார்னிஷ் பூசும் அளவுக்கு உலர ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். மார்ச்சில் போய் ஏப்ரலில் திரும்பி, மழைக்காலம் முழுக்க வரைந்தால் அடுத்த கோடையில்தான் தொடர் சுவரேறும். அரங்கத்தார் டிசம்பர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் தேதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.